ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன்

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்துச் சாத்துங்க சார். காத்து அடிக்கறதுல ஃபோன்ல ஒண்ணுமே காதுல விழ மாட்டேங்குது. ம், போதும், போதுங்க. இல்லீங்க, சண்டையெல்லாம் இல்ல. ரொம்பச் சத்தமாப் பேசிட்டனாக்கும்? மன்னிச்சுக்கங்க. ஆபீஸ்ல இருந்துங்க. பாஸ்வேர்டைச் சொல்லுங்கறான். ஓடற பஸ்ஸுல, இத்தனை பேரு காது கேக்க, நான் பாஸ்வேர்டைக் கத்தணுமாம்! நாயத்தைப் பாருங்க.

நீங்க எது வரைக்கும்? கரூருங்களா? நான் ஈரோடு. அங்க இறங்கி இன்னொரு பஸ்ஸைப் புடிச்சுப் பெருந்துறைப் பக்கம் போகணும். வேட்டியைப் பாக்கறீங்க. பட்டு வேட்டிதானுங்க. விசேஷ ஊட்டுல இருந்து பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். இலையில உக்காந்தவன், ரசம் ஊத்தறதுக்குள்ள எந்திரிச்சேன். பக்கத்துல உக்காந்திருந்த மாமன் என்னைப் பைத்தியக்காரனைப் பாக்கறாப்புல பாத்தாரு.

என்ற பொண்ணுக்குக் கட்டுச்சோறுங்க இன்னிக்கு. உங்க பக்கம் வளைகாப்புன்னு செய்வீங்கல்ல, அந்த மாதிரி. பூர்ணிமான்னு பேரு. ஒரே பொண்ணு. திண்டுக்கல்ல குடுத்திருக்குது. ஒம்பதாம் மாசம், தலைச்சன். நாங்க வகை வகையாச் சோறு கட்டிக்கிட்டு, ஒரு வேன் ஒறம்பரைச் சொந்தபந்தத்தோட வந்து, பந்தி போட்டு, நல்ல நேரம் பாத்துப் பொண்ணைப் பிரசவத்துக்கு எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறது. சாயங்காலம் நாலரைக்கு மேல ஆறுக்குள்ள நேரம். இன்னிக்கு விட்டாப் பத்தாம் மாசம் பொறந்துரும், அப்பறம் அனுப்ப மாட்டாங்க. அங்கயேதான் பெத்துக்கணும், அங்கயேதான் கெடக்கணும்.

சம்பந்தியம்மா இருக்குதே, அது ஒரு தினுசு. "பெத்தவங்க ரெண்டு பேரும் சேந்து நின்னு வெத்தலை பாக்கு வாங்கிக்கிட்டாத்தான் அனுப்புவேன். ஒருத்தர் மட்டும் வந்து நின்னா அனுப்பற வழக்கம் எங்க ஊட்டுல இல்ல"ன்னு போன வாரமே சொல்லிருச்சு. எதுக்குச் சொல்லுச்சுன்னா, நிச்சயத்துக்கு நான் நேரத்துக்குப் போகல. கல்யாணத்தன்னிக்குத் தாரை வாக்கற நேரத்துல மண்டபத்துக்குப் பின்னாடி நின்னு ஃபோன் பேசிட்டிருந்தேன். எல்லாம் இந்த ஆபீஸாலதான். அந்தம்மா அதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டுப் பேசறது.

நான் எந்திரிச்சப்பப் பூர்ணிமா என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? என்ற சட்டைக் கையைப் புடிச்சுக்கிச்சு. "அப்பா, நாலரைக்குள்ள வந்துருவீங்களா?"ங்குது. மாசமா இருக்கற புள்ள, கை நெறைய வளையலைப் போட்டுக்கிட்டுக் கண்ணுல தண்ணியோட நிக்குது. தெனமும் ஃபோன்ல ஒரே அழுகைங்க. "எனக்கு இங்க பயமா இருக்குதுங்கப்பா, அம்மா பக்கத்துல படுத்துக்கணும்"னு. போன மாசத்துல இருந்து இந்த நாளைத்தான் எதிர்பாத்துக் கெடந்துது. "வந்துர்றேன் அம்மிணி"ன்னு சொல்லீட்டு வந்திருக்கறேன். ஈரோடு போயி, வேலையை முடிச்சு, திரும்பித் திண்டுக்கல் வர்றதெல்லாம் ஆகாத காரியம். எனக்கே தெரியும். ஆனா அந்த நேரத்துல வேற என்னத்தைச் சொல்றது?

வேலை என்னங்கறீங்களா? சிஸ்டம் அட்மின். ஒரு பால் கம்பெனிங்க. பேரு வேண்டாம். சுத்துப்பட்டு ஊரு அத்தனையில இருந்தும் பால் வருது. அளந்து, கொழுப்புப் பாத்து, டேங்கர்ல ஏத்தி அனுப்பறாங்க. அத்தனைக்கும் ஒரே ஒரு சர்வர்தான். அந்தச் சர்வர் பதினெட்டு வருஷமா எங்கைல. அது நின்னா கேட் பாஸ் வராது. கேட் பாஸ் வராட்டி டேங்கர் நகராது. வெயில்ல நிக்குது. பால் என்ன பருத்திக்கொட்டையா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடறதுக்கு?

இன்னிக்குக் காலையில அங்க கரண்ட் போயிருக்குது. யூபிஎஸ் பேட்டரியும் சேந்து மண்டையைப் போட்டிருச்சு. சர்வர் அணைஞ்சு, கரண்ட் வந்ததும் திரும்ப எந்திரிச்சிருக்குது. ஆனா டேட்டாபேஸ் எந்திரிக்கல. ஏன் எந்திரிக்கல? லிமிட்டு பழைய அளவுக்கே போயிருச்சு. நான் போயி உக்காந்து ஒரு வரி அடிச்சு, பதினோரு இலக்கத்துல ஒரு நம்பரைக் குடுத்தாத்தான் எந்திரிக்கும். அதுக்குத்தானுங்க இந்த ஓட்டம். ஆமாங்க, ஒரு வரிதான். சிரிக்காதீங்க.

ஊட்டுல இருந்தே செய்யலாமேங்கறீங்களா? வெளிய இருந்து உள்ள வர்ற வழி பூராவும் நானே அடைச்சு வெச்சிருக்கறேன். பாதுகாப்புங்க. எவனாச்சும் உள்ள பூந்தான்னா? பாஸ்வேர்டும் என்னைத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது. முதலாளிக்கே தெரியாது.

லிமிட்டுன்னா எப்படிச் சொல்றது... இப்ப ஒரு கல்யாண மண்டபத்துச் சமையக்கட்டுன்னு வெச்சுக்கங்க. பரிமாறறவங்க ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாச் சட்டி வெச்சா எடம் பத்துமுங்களா? பத்தாது. அதனால பொதுவா ஒரு பெரிய அண்டா. எல்லாரும் அதுலயே மோந்துக்கணும். கம்ப்யூட்டர்ல அதுக்குப் பேரு ஷேர்டு மெமரி. அந்த அண்டா எவ்வளவு பெருசா இருக்கலாம்னு மண்டபத்து மேனேஜர் ஒரு அளவு வெச்சிருப்பான். அவன்தான் கெர்னல். அந்த அளவுக்கு மேல ஒரு விரக்கடை பெருசா அண்டாவைக் கொண்டாந்தாலும் வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பிருவான். கொஞ்சம் சின்னதாக் கொண்டாங்கன்னெல்லாம் பேச மாட்டான். அன்னிக்குச் சமையலே கெடையாது, அவ்வளவுதான்.

அந்த அளவை வெச்சவன் நானுங்க. நல்லா யோசிச்சு வெச்சேன். அன்னையில இருந்து சர்வர் ஒரு நாள் விழுந்ததில்ல. அப்பறம் வந்து சேந்துச்சு அந்தப் புள்ள.

செண்பகவல்லின்னு பேரு. கோவில்பட்டிக்காரப் புள்ள. டேட்டாபேஸைப் பாக்கறதுக்குன்னு காண்ட்ராக்ட்ல எடுத்தாங்க. தீபாவளி தாண்டுனா நிரந்தரம் பண்றேன்னு முதலாளி வாக்குக் குடுத்திருந்தாரு. கெட்ட புள்ளைன்னு நான் சொல்ல மாட்டேன், வேலை தெரிஞ்ச புள்ளதான். ஆனா வந்த பத்து நாள்ல எங்கிட்ட வந்து நிக்குது. "சார், மெஷின்ல புது மெமரி போட்டாச்சுல்லா? லிமிட்டை மட்டும் ஏத்தலியே. அம்புட்டு மெமரியும் சும்மா கெடக்கு சார். சாயங்காலம் பால் வார நேரத்துல எல்லாம் நொண்டுது. ஏத்திருங்க சார்"ங்குது.

ஏத்திருங்க சார்! வண்டியில மூட்டையை ஏத்தற மாதிரி. "ஏம்மா, அது கெர்னல், வெளையாட்டுச் சாமான் இல்ல"ன்னேன். அடுத்த வாரமும் வந்துச்சு. அதுக்கடுத்த வாரமும் வந்துச்சு. கோவிச்சுக்கிட்டு வந்தாலாவது ஒரு சத்தம் போட்டு அனுப்பிச்சிரலாம். சிரிச்ச மூஞ்சியோட வருமுங்க. டீயைக் கொண்டாந்து மேசை மேல வெச்சுட்டு, "சார், அந்த லிமிட்டு..."ன்னு இழுக்கும். மண்டை காஞ்சு போச்சு எனக்கு. நான் முடியாதுன்னு சொல்லலீங்க. யோசிக்கறேன்னு சொன்னேன். யோசிக்கக் கூடாதா ஒரு மனுஷன்? ஒரு எட்டு மாசம் யோசிச்சேன்.

ஒரு நாள் சாயங்காலம் பால் வர்ற நேரத்துல ஸ்கிரீன் அப்படியே நின்னு போச்சு. முதலாளியே எந்திரிச்சு வந்துட்டாரு. வந்தவரு எங்கிட்டல்ல கேக்கணும்? அந்தப் புள்ளைகிட்டக் கேட்டாரு. அது நேரா என்னையக் கைகாட்டிருச்சு. "சார்கிட்டச் சொல்லியிருக்கேன் ஐயா, யோசிச்சுக்கிட்டிருக்காங்க"ன்னு மரியாதையா வேற சொல்லுது. அவரு எல்லார்த்து முன்னாடியும், "சென்னியப்பா, அந்தப் பொண்ணு சொல்றபடி ஏத்தி உடு"ன்னாரு. பதினெட்டு வருஷ சர்வீஸுங்க. அதுக்கு மரியாதை அவ்வளவுதான்.

ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன். அங்கயே உக்காந்து, ஓடற மெஷின்லயே ஏத்துனேன். அந்தப் புள்ள அதுக்குத் தக்கன அண்டாவையும் பெருசாக்கி, டேட்டாபேஸைத் திருப்பி எழுப்புச்சு. நொண்டிட்டிருந்தது குதிரையாட்ட ஓட ஆரம்பிச்சிருச்சு. டெஸ்பேட்ச்ல இருக்கறவன், கேன்டீன்காரன், எல்லாரும் செண்பகவல்லியைத்தான் பாராட்டுனாங்க. எனக்கு யாரு கை குடுத்தா? வரியை அடிச்சது யாரு? நான்தானுங்களே?

இருங்க, ஊட்டுக்காரி கூப்புடறா. ஆங், சொல்லு. பஸ்ஸுலதான். பாதி தூரம் வந்துட்டேன். நான் என்ன வேணும்னா பண்றேன்? சம்பந்தியம்மா மூஞ்சி எப்பத்தான் நல்லா இருந்துது? நீ எதாச்சும் சொல்லிச் சமாளி. பாப்பா சாப்புட்டுச்சா? சாப்புடச் சொல்லு. எங்கிட்டக் குடுக்காத, குடுக்காத, சிக்னல் போயிரும். வை.

பாத்தீங்களா? நாலரைக்குள்ள நான் வருவேன்னு சொல்லிச் சொல்லி, பாப்பா இப்பவே பொட்டியைக் கட்டி வாசல்ல வெச்சிருச்சாம். என்னத்தைச் சொல்றது.

எங்க உட்டேன்? ஆங், ஏத்துனேன். இதுல ஒரு விசயம் இருக்குதுங்க. ஓடற மெஷின்ல அப்படி ஏத்துனா, மெஷின் அணையற வரைக்கும்தான் அது நிக்கும். அணைச்சு எழுப்புனா மறந்துரும். மறக்காம இருக்கணும்னா அதுக்குன்னு ஒரு ஃபைல் இருக்குது, அதுலயும் அந்த வரியை எழுதி வெக்கணும். எழுதலீங்க. எதுக்கு எழுதணும்? யாராச்சும் எழுதச் சொன்னாங்களா? முதலாளி என்ன சொன்னாரு? ஏத்துன்னாரு. எழுதுன்னு சொன்னாரா? அந்தப் புள்ள மட்டும் ரெண்டு நாள் கழிச்சு, "ஃபைல்லயும் எழுதிட்டீகளா சார்?"னு கேட்டுச்சு. "எல்லாம் எனக்குத் தெரியும், போம்மா"ன்னேன். அதைக் கேக்கறதுக்கு அது யாருங்க? அதோட டேட்டாபேஸைப் பத்தி நான் எதாச்சும் கேட்டனா?

அப்பறம் ஆயுத பூஜை வந்துச்சு. எங்க கம்பெனியில சர்வருக்குப் பூசை போடற வழக்கத்தைக் கொண்டாந்ததே நான்தான். மத்த எடத்துல ஓடிட்டிருக்கற மெஷினுக்கு ஒரு பொட்டை வெச்சு, சூடத்தைக் காட்டிட்டுப் போயிருவாங்க. எனக்கு அது ஆகாதுங்க. ஆயுதம்னா அன்னிக்கு ஓய்வு குடுக்கணும். மத்தியான டேங்கர் போனதும் சர்வரை முறையா நிறுத்தி, தூசி தட்டி, தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, பொரி கடலை படைச்சு, பூசணிக்காய் சுத்தி ஒடைப்போம். அன்னிக்கு ராத்திரிப் பாலை மட்டும் கையால எழுதிக்குவாங்க. மறுநா விஜயதசமி, நல்ல நேரத்துல நானே எழுப்புவேன். வருஷா வருஷம் அப்படித்தான். முதலாளிக்கு அதுல ரொம்பத் திருப்தி.

நான் நிறுத்தப் போற நேரம் பாத்து அந்தப் புள்ள வந்து நிக்குது. "சார், நிறுத்தறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை..."ங்குது. "பூசை நேரத்துல அபசகுனமா எதையும் பேசாதம்மா"ன்னு சொல்லிப் பொரிப் பொட்டலத்தைக் கையில குடுத்து அனுப்பிச்சேன். வாங்கிட்டுப் போயிருச்சு. சும்மா சொல்லக்கூடாது, எதுத்துப் பேசற பழக்கம் மட்டும் அதுக்குக் கெடையாது.

மறுநாக் காலையில எழுப்புனேன். மெஷின் ஜம்முனு வந்துருச்சு. டேட்டாபேஸ் வரல. கேட்டுல வரிசையா டேங்கர். முதலாளி புதுச் சட்டையோட வந்து நிக்கறாரு. "என்னப்பா ஆச்சு?"ன்னாரு. உள்ளதைச் சொன்னேன். "சிஸ்டம் வந்துருச்சுங்க, டேட்டாபேஸ்தான் வரல"ன்னேன். இது பொய்யுங்களா? டேட்டாபேஸ் யாரு பொறுப்பு? அந்தப் புள்ள பொறுப்பு. உடனே அது ஓடியாந்து, "ஐயா, லிமிட்டு பழையபடி எறங்கிருச்சு, ஃபைல்ல எழுதலை"ங்குது. முதலாளி என்ற மூஞ்சியைப் பாத்தாரு. நான் அசரலீங்க. அந்த ஃபைலையே ஸ்கிரீன்ல எடுத்துக் காட்டுனேன். ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்துல ஒரு தேதி நிக்கும், கடைசியாக் கை வெச்சது எப்பன்னு. ஆறு வருஷத்துக்கு முந்துன தேதி. "பாத்துக்கங்க முதலாளி, ஆறு வருஷமா நான் இதுல கையே வெக்கல. எதையும் மாத்தல"ன்னேன். அவரு கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் கிட்டப் போயிப் பாத்தாரு. "சரிதான், இவன் எதையுமே தொடல"ன்னாரு.

அந்தப் புள்ள, "ஐயா, அதைத்தான் ஐயா நானும் சொல்லுதேன்! தொடலை. அதான் கோளாறே"ன்னு கெடந்து தவிக்குது. அவருக்கு என்ன புரியும்? பாலைப் பத்திக் கேட்டா மோந்து பாத்தே சொல்லுவாரு. தொடாதவன் எப்படிக் கெடுத்திருப்பான்? எனக்கே அது நாயமாத்தான் பட்டுது.

ரெண்டு பேரும் வெளிய நின்னு பேசிட்டிருந்த நேரத்துல நான் உள்ள போயி அந்த வரியை அடிச்சேன். பால் கெட்டுறக் கூடாதில்லீங்களா? டேட்டாபேஸ் எந்திரிச்சிருச்சு. வெளிய வந்து, "வந்துருச்சுங்க"ன்னேன். "எப்படிப்பா வந்துச்சு?"ன்னாரு. "நான் பாத்தேன், வந்துருச்சுங்க"ன்னேன். இதுல எந்த எடத்துல நான் பொய் சொன்னேன், சொல்லுங்க பாப்பம்? முதலாளி அந்தப் புள்ளையைத் திரும்பிப் பாத்தாரு. அது என்னையப் பாத்துச்சு.

தீபாவளிக்கு முன்னாடியே காண்ட்ராக்டு முடிஞ்சுதுன்னு சொல்லீட்டாங்க. எனக்கும் வருத்தந்தானுங்க. நான் என்ன அதை அனுப்பச் சொன்னனா? போறன்னிக்கு எங்கிட்ட வந்து நின்னுச்சு. "அந்த வரியை எழுதிருங்க சார். இல்லாட்டி நீங்க ஒரு நாளு நிம்மதியா ஊருக்குப் போக முடியாது"ன்னுச்சு. திமிரைப் பாத்தீங்களா? போறப்ப எனக்குச் சாபம் உட்டுட்டுப் போகுது!

அது பலிச்சுப் போச்சுங்க சார். அதைத்தான் சொல்ல வந்தேன். அன்னையில இருந்து கரண்ட் போனா நான் ஓடணும், மெஷினை நிறுத்துனா நான் ஓடணும். பழனிக்குப் போனேன், பாதிப் படியில ஃபோன். சாமியைப் பாக்காமத் திரும்புனேன். மச்சான் ஊட்டு எழவுக்குப் போனேன், பொணத்தை எடுக்கறதுக்குள்ள ஃபோன். இன்னிக்குப் பெத்த பொண்ணு விசேஷம். இத்தனை பேரு இருக்கற கம்பெனியில நான் ஒருத்தன் இல்லீனா ஒண்ணும் நடக்காது. ஆனா நன்றி? மருந்துக்குக் கூடக் கெடையாது.

இப்பவாச்சும் எழுதி வெச்சிரலாமேங்கறீங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க! எழுதுனா தேதி மாறிருமே? ஆறு வருஷமாத் தொடலைன்னு முதலாளிகிட்டக் காட்டியிருக்கறேன். நாளைக்கு எவனாச்சும் எடுத்துப் பாத்து, இந்தத் தேதியில ஏன் எழுதுனே, அன்னிக்கே எழுதியிருக்க வேண்டியதானேன்னு கேட்டா? அந்தப் புள்ள சொன்னது சரிங்கற மாதிரி ஆயிராதா? எழுதீட்டுத் தேதியைப் பழையபடி திருத்தி வெக்கவும் வழி இருக்குதுங்க. ஆனா அது ஃபோர்ஜரி. நான் அந்த மாதிரி ஆளு இல்ல.

மறுபடியும் ஃபோனு. அவனேதான், டெஸ்பேட்ச் கிளார்க்கு. சொல்லு குழந்தைவேலு. கரூர் வந்துட்டேன், அவசரப்பட்டா எப்படி... என்னது? யாருக்கு? யாரைக் கேட்டு ஃபோன் போட்டீங்க? ம். ம். ஃபைல்லயுமா? முதலாளி எங்க இருந்தாரு? ம். சரி. இல்ல, ஒண்ணுமில்ல. வை.

வந்துருச்சாமுங்க. டேட்டாபேஸ் வந்துருச்சாம். டேங்கரெல்லாம் கெளம்பிருச்சாம்.

செண்பகவல்லிக்கு ஃபோன் போட்டிருக்கறாங்க. இப்ப அது கோயமுத்தூர்ல வேற கம்பெனியில இருக்குது. இன்னிக்கு அதுக்கு லீவு, ஊட்டுல துணி தொவைச்சுட்டிருந்துதாம். போங்கடான்னு வெச்சிருக்கலாமில்லீங்க? நானா இருந்தா வெச்சிருப்பேன். அது வெக்கலை. மெஷினை நிறுத்தி எழுப்பறப்ப நடுவுல மறிச்சு, பாஸ்வேர்டு இல்லாமயே உள்ள போறதுக்கு ஒரு வழி இருக்குது. மெஷின் முன்னாடி உக்காந்திருக்கறவனுக்குத்தான் அது முடியும். எழுத்து எழுத்தா ஃபோன்ல சொல்லச் சொல்ல, குழந்தைவேலு அடிச்சிருக்கறான். அதோட உட்டுச்சா? ஃபைல்லயும் எழுத வெச்சிருச்சு. இனிமே கரண்ட் எத்தனை தடவை போனாலும் அதுவா வந்துருமாம். "சார், இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம், திரும்பிப் போயிப் பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க"ங்கறான். நிம்மதி!

முதலாளி அவன் பின்னாடியே நின்னு பாத்துட்டிருந்தாராம். "இவ்வளவுதானா? இந்த ஒரு வரிக்கா?"ன்னு கேட்டாராம். கேட்டுட்டுத் திரும்பி வெளிய போயிட்டாராம்.

ஸ்டாண்டு வந்துருச்சு, நீங்க இறங்கோணுமில்ல? எதைக் கைகாட்டறீங்க? தெரியுமுங்க, பாத்தேன். எதுத்தாப்புலதான் நிக்குது திண்டுக்கல் வண்டி. இப்ப ஏறுனா நேரத்துக்குள்ள போயிரலாம். எனக்குக் கணக்குத் தெரியாதுங்களா? ஆனா எப்படிங்க போறது? அந்த ஃபைல்ல இப்ப இன்னிக்குத் தேதி உக்காந்திருக்குது. நான் அங்க இல்லாத நேரத்துல முதலாளி என்னென்ன கேப்பாரு, குழந்தைவேலு என்னென்ன சொல்லுவான்? நேர்ல போயி நின்னு விளக்கோணுமுங்க. இன்னிக்கே விளக்கோணும். நாளைக்குன்னா எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. பதினெட்டு வருஷங்க சார்! நான் எதையும் தொடலைங்கறதுதான் எனக்கு இருந்த ஒரே பேரு.

பொண்ணுக்கென்னங்க, அவங்கம்மா இருக்கறா. கையைக் காலைப் புடிச்சுச் சம்பந்தியம்மாவைச் சமாளிச்சுக்குவா. அனுப்பாட்டித்தான் என்ன? திண்டுக்கல்லயும் ஆஸ்பத்திரி இருக்குது. நல்ல ஆஸ்பத்திரி.

அய்யோ, கூப்புடுது பாருங்க. அம்மிணிதான். எனக்கு எடுக்கத் தைரியம் இல்லீங்க. என்ற குரலைக் கேட்டாப் பொண்ணு கண்டுபுடிச்சிரும், சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். சார், சார், இறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. நீங்க எடுத்துப் பேசுங்க. உங்கப்பா தண்ணி வாங்க இறங்கியிருக்கறாரு, சர்வர் இன்னும் வரலியாம், போயே ஆகணுமாம், அப்படின்னு மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். வெளியாளு சொன்னா நம்பிக்கும்.

ஏனுங்க பையை எடுக்கறீங்க? அட, ஒரு வார்த்தைதானுங்களே? உங்களுக்கும் பொண்ணு இருக்குதுன்னா இருக்கட்டும், அதுக்கு எதுக்கு என்னைய இப்படிப் பாக்கறீங்க? நான் என்ன பண்ணுனேன்? சார்! ஏனுங்க சார்!

மணி நின்னுருச்சு. இல்ல, மறுபடியும் கூப்புடுது. ஏனுங்க, முன் சீட்டு அண்ணா, நீங்க ஈரோடு வரைக்கும்தானுங்களே? இந்த ஃபோனைக் கொஞ்சம் எடுத்துப் பேசறீங்களா?